பொருந்திப்போன ஒயர்

செவ்வாய்க்கிழமை காலை. ஓவியரம்மா கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் ‘டப்’ என்று சின்னதாக ஒரு சத்தம். தொடர்ந்து கருகல் நெடி. திரை எப்போதும்போல ஒளிர்ந்தது. படம் வரைகிற மென்பொருளும் சமர்த்தாகத் திறந்தது. படம் மட்டும் இல்லை.

மூன்று ஹார்ட் டிஸ்க்குகள். இரண்டில் படம், மூன்றாவதில் அதன் நகல்; மென்பொருளெல்லாம் மதர்போர்டிலேயே செருகிய தனிச் சில்லில். மூன்றையும் காணோம் என்றது கம்ப்யூட்டர்.

மூன்று வருட உழைப்பு அது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கும் ஒரு பெண், அடியில் ஒரு நகரமே குடியிருப்பதைக் காண்கிறாள்; அதுதான் கதை. ஒன்பது நிமிடப் படம். ஒவ்வொரு சட்டகமும் கையால் வரைந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். இன்றைக்குக் காலையில்தான் படத்தோடு இசையைச் சேர்த்து முதன்முறையாக ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஓவியர் அழவில்லை. பொத்தானையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிற வேலையை அவருடைய கூட்டாளி எடுத்துக்கொண்டான். தலையில் அடித்துக்கொண்டான், சுவரில் சாய்ந்தான், “என் இசை போச்சே!” என்றான். அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. வித்வான் என்பார்கள். அது கேலி என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஓவியர் எழுந்திருப்பதற்குள் வித்வான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான்.

அந்த ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் என்ற சொல் வருகிற புகாரெல்லாம் ஒரே மேஜைக்குத்தான் போகும். அந்த மேஜையில் இருந்த இன்ஸ்பெக்டரம்மா, ஒரு தடவை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் நிபுணர். மனிதர்கள்மேல் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. புகார் கொடுக்க வருகிறவர்கள்மேல் அதைவிடக் குறைவு.

“யார் மேல புகார்?”

“கம்ப்யூட்டர் கடைக்காரி மேல, மேடம். நேத்து காலையில வந்து புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினா. பெரிய கார்டு. அதுக்கேத்த பவர் சப்ளை போடல. எண்ணூத்தம்பது வாட்டாம்! அந்தக் கார்டுக்கு ஆயிரத்து இருநூறாவது வேணும். நான் அப்பவே சொன்னேன். கேக்கல. கரண்டு பத்தாம டிஸ்க் எரிஞ்சுபோச்சு.”

“கரண்டு பத்தலன்னா எரியுமா?”

“கார்டு மொத்தத்தையும் உறிஞ்சிடும் மேடம்.”

“அப்ப டிஸ்க்குக்குக் கம்மியாத்தானே போகும்? கம்மியாப் போனா எப்படி எரியும்?”

வித்வான் இரக்கத்தோடு சிரித்தான். “டெக்னிக்கலாச் சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். இந்த வாக்கியத்தைச் சொன்ன எவனும் அவரிடம் இதுவரை டெக்னிக்கலாக எதையும் சொன்னதில்லை.

“நேத்து சாயந்திரம் ஸ்டுடியோவில யார் இருந்தது?”

“என் கூட்டாளி அஞ்சு மணிக்கு மெஷினை ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பினா. அப்புறம் நான் மட்டும்தான்.”

“வெளியாளு யாராவது உள்ள புகுந்து கை வெச்சிருக்கலாமே?”

“சான்ஸே இல்ல. நான் ஹால்லயேதான் உக்காந்திருந்தேன். ஈ எறும்பு உள்ள வரல. அவளோட அண்ணன் ஒருத்தர் வந்தார், பழைய பவர் சப்ளையை வாங்கிட்டுப் போக. அவரும் வாசப்படியைத் தாண்டல. நான்தான் பையை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பூட்டிட்டுக் கிளம்பினேன். சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான். அவ காலையிலதான் வந்தா. அதனால தப்பு கடைக்காரி தலையிலதான் மேடம். அவளை உள்ள வெக்கணும். கடையை மூடணும்.”

“வெப்போம், வெப்போம்” என்றார் இன்ஸ்பெக்டர். யாரை என்று சொல்லவில்லை.

கடை நான்கடி அகலம். கடைக்காரம்மாவின் குரல் அதற்குள் அடங்காமல் தெருவரை வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை இன்ஸ்பெக்டரை நோக்கி நீட்டினார்.

“ஆயிரத்து இருநூறா? அவன் என்ன, ஊருக்கே விளக்குப் போடப் போறானா? கார்டு முந்நூத்தி இருவது வாட் இழுக்கும். பிராசஸர் நூத்தம்பது. ஃபேன், டிஸ்க், மத்ததெல்லாம் சேத்து எம்பது. மொத்தம் ஐநூத்தம்பது. பழைய பவர் சப்ளையும் ஐநூத்தம்பதுதான். மூச்சு முட்டும். அதுவும் இந்தக் கார்டு சில சமயம் கண் சிமிட்டுற நேரத்துக்கு ஒண்ணரை மடங்கு இழுக்கும். அதுக்கும் இடம் விட்டு எண்ணூத்தம்பது போட்டேன். அதுக்கு மேல போட்டா எனக்குத்தான் லாபம், அந்தம்மாவுக்கு இல்ல. கார்டு மூணு பிளக் கேக்குது. சோம்பேறிப் பயலுங்க ஒரே ஒயரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவானுங்க, அது சூடாகி உருகும். நான் மூணு தனி ஒயர் இழுத்தேன். போதுமா?”

“பவர் பத்தலன்னே வெச்சுக்குவோம். என்ன ஆகும்?”

“மொத்த மெஷினும் பொத்துனு படுத்துடும். திரும்ப ஆன் பண்ணினா எழுந்துக்கும். டிஸ்க்கை மட்டும் தேடிப் போய் எரிக்காது. அதுக்கென்ன டிஸ்க் மேல பங்காளிப் பகையா?”

“பழைய பவர் சப்ளையை என்ன பண்ணீங்க?”

“அதோட ஒயரெல்லாம் கழட்டி, எண்ணி, ஒரு பையில போட்டு மேஜைக்கு அடியில வெச்சேன். அந்தம்மாவோட அண்ணன் கேட்டிருந்தாராம். ஒரு விஷயமும் சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒயரெல்லாம் பாக்க ஒரே கறுப்பு, ஒரே சைஸ். இதை அதுல சொருகினா அழகாப் பொருந்தும். ஆனா உள்ள கம்பி வரிசை வேற. மாத்தி மாட்டினா, டிஸ்க்குக்கு அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னெண்டு போகும். டிஸ்க் காலி.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

“அந்தம்மா போன்ல இருந்தாங்க. அந்த வித்வான்தான் பக்கத்துல நின்னான். ‘எனக்குத் தெரியாததா’ன்னான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும், மேடம். ஒண்ணும் தெரியாது.”

“வாங்க, ஒரு தடவை திறந்து பாத்துடலாம்.”

ஸ்டுடியோ என்பது பெரிய சொல். ஒரு ஹால், ஒரு ஜன்னல், சுவரெல்லாம் ஓவியரின் பென்சில் கோடுகள். ஹாலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் ஒலிப்பதிவு அறை. ஓவியரின் பக்கத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். கால்நடை மருத்துவர். காயம்பட்ட பிராணியைத் தொடுவதுபோலத் தங்கையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் நேராகக் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு தலையணை. ஒரு போர்வை. சாப்பாடு வந்த காலி டப்பாக்கள் ஒரு மூலையில் சாய்ந்த கோபுரமாக நின்றன. மைக் ஸ்டாண்டில் ஒரு ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மைக் அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

“கடைசிக் காட்சிக்கு என்ன மாதிரி இசை போட்டீங்க?” என்றார், பின்னாலேயே வந்து நின்ற வித்வானிடம்.

“ஒரு மாதிரி... ஆழமா, மேடம். விட்டு விட்டு வர்ற மாதிரி. எட்டு மாச உழைப்பு.”

“கொஞ்சம் பாடிக் காட்டுங்க.”

“இப்ப மூடு இல்ல மேடம்.”

“முணுமுணுத்தாப் போதும்.”

“இந்த நிலைமையில எப்படி மேடம்?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண் காய்ந்துதான் இருந்தது.

கடைக்காரம்மா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். டார்ச் அடித்தார். கார்டைத் தொட்டுப் பார்த்தார்; அது சௌக்கியம். மூன்று தனி ஒயர்களும் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகு டிஸ்க்குகளுக்குப் போகும் ஒயரைப் பிடித்தார். பவர் சப்ளையிலிருந்து அதை உருவி, முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கடையில் தெருவரை கேட்ட குரல் இப்போது வெளியே வரவில்லை.

“இது... இது பழசோட ஒயர்.”

“பாத்தீங்களா!” வித்வான் துள்ளினான். “அப்பவே நினைச்சேன். பழைய ஒயரை மாத்தாமலே விட்டுட்டா. வாட் போனா என்ன, ஒயர் மாட்டிக்கிச்சு! கைது பண்ணுங்க மேடம்.”

கடைக்காரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் மாத்தினேன். மாத்தினேன்னுதான்... கடவுளே, மாத்தினேனா?” கடை அவருடையது, அவர் கைமேல் இருந்த நம்பிக்கையும் அவருடையதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. ஓவியர் அவரைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்து, திட்டாமல் மூடிக்கொண்டார்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். “எங்க குடும்ப ராசி அப்படி, மேடம். என் கம்ப்யூட்டரும் நேத்துத்தான் போச்சு. பாப்பாவோட போட்டோ எல்லாம் அதுலதான்.”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “எப்ப போச்சு?”

“நேத்து சாயந்திரம். இங்கேருந்து போன உடனே பழைய பவர் சப்ளையை மாட்டினேன். ஆன் பண்ணினேன். டப்புனு ஒரு சத்தம். டிஸ்க் போயிடுச்சு. ரொம்பப் பழைய மெஷின். அதான் போச்சுன்னு விட்டுட்டேன்.”

“பையில இருந்த ஒயரைத்தான் மாட்டினீங்களா?”

“ஆமா. வேற ஒயர் என்கிட்ட ஏது?”

“வீடு எங்க?”

“அடுத்த தெரு.”

“கிளம்புங்க. எல்லாரும்.” வித்வான் செருப்பைத் தேடத் தொடங்கினான். “நீங்களும்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. மேலே ஒரு கிழட்டுப் பூனை. பூனையை இறக்கிவிட்டுக் கடைக்காரம்மா பெட்டியைத் திறந்தார். டிஸ்க்குக்குப் போகும் ஒயரை உருவினார். முனையைத் திருப்பினார். ஓரத்தில் அச்சில் வார்த்த பொடி எழுத்துகள். இரண்டு முறை படித்தார்.

“இதுதான் மேடம் என் ஒயர். புது பவர் சப்ளையோட வந்தது.” அவர் குரல் திரும்பிவிட்டது. பூனை ஓடிப்போனது.

“சரிதான்” என்றான் வித்வான். “மூட்டை கட்டும்போது மாத்திப் போட்டிருக்கா. புதுசைப் பையில போட்டுட்டு, பழசை மெஷின்ல விட்டிருக்கா. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

“உக்காருங்க” என்றார் இன்ஸ்பெக்டர். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் ஓவியரை உட்காரவைத்தார். வித்வான் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

“அம்மா, நேத்து கடைக்காரங்க போனதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?”

“வேலைதான் பாத்தேன். அவ தொட்டியிலேர்ந்து ஏறி வெளிய வர்ற காட்சி. மத்தியானம் பூரா வரைஞ்சேன். ரெண்டு தடவை முழுசா ஓட்டிப் பாத்தேன். புது கார்டு, சும்மா பறந்துச்சு.”

“படம் எதுல இருந்துச்சு?”

“அதே டிஸ்க்குலதான். வேற எதுல இருக்கும்?”

“மூணும் வேலை செஞ்சுதா?”

“செஞ்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி மூணாவதுல நகல் எடுத்தேன்.”

“அதான் சொல்றேனே” என்று குறுக்கிட்டான் வித்வான். “தப்பான ஒயர்ல கொஞ்சம் கொஞ்சமாச் சூடாகி, காலையில போயிருக்கும்.”

இன்ஸ்பெக்டர் கடைக்காரம்மாவைப் பார்த்தார். “கொஞ்சம் கொஞ்சமாப் போகுமா?”

“அஞ்சு வோல்ட் குடிக்கிற சில்லுல பன்னெண்டு ஊத்தினா, ஆன் பண்ணின அந்த நொடியே செத்துடும். மத்தியானம் பூரா படம் ஓட்டிட்டு, காலையில நல்ல நேரம் பாத்துச் சாகாது.”

“இவர் வீட்டு டிஸ்க்கும் அப்படித்தான் செத்துச்சு. ஆன் பண்ணின நொடி.” இன்ஸ்பெக்டர் இரண்டு ஒயர்களையும் ஒன்றாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்காமல், பிரிண்டரில் காகிதம் எடுக்கிற அலட்சியத்தோடு பேசினார்.

“அஞ்சு மணி வரைக்கும் டிஸ்க் உயிரோட இருந்துச்சு. அப்படின்னா அதுவரைக்கும் மெஷின்ல இருந்தது சரியான ஒயர். கடைக்காரம்மா தப்புப் பண்ணல. கொஞ்ச நேரத்துல அண்ணன் வந்து பையை வாங்கிட்டுப் போய் மாட்டறார். இவர் டிஸ்க் போகுது. அப்படின்னா பை இவர் கைக்கு வந்தப்பவே அந்தச் சரியான ஒயர் பைக்குள்ள வந்தாச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் யாரோ மெஷினைத் திறந்து, ரெண்டு ஒயரையும் இடம் மாத்தியிருக்காங்க. அண்ணன் வாசப்படியைத் தாண்டல. தாண்டியிருந்தாலும், தெரிஞ்சே தன் குழந்தை போட்டோவை எரிச்சுக்க மாட்டார். வெளியாளு வரல. ஈ எறும்புகூட வரல. இதை நான் சொல்லல.”

ஓவியர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“நீங்கதான் சொன்னீங்க” என்றார் இன்ஸ்பெக்டர் வித்வானிடம். “நான் கேக்காததையும் சேத்துச் சொன்னீங்க. கடைக்காரம்மா தலையில கட்டணும்ங்கற அவசரம். அந்த அவசரத்துல மத்த எல்லாரையும் நீங்களே கழிச்சுவிட்டுட்டீங்க. மிச்சம் ஒருத்தர்தான் இருந்தார். எனக்கு வேலையே வைக்கல.”

“நான் எதுக்கு மேடம்? என் இசையும்தானே அதுல...”

“எந்த இசை?”

வித்வான் பூனை போன திசையைப் பார்த்தான்.

“எட்டு மாசமா இவர் போட்ட எதையாவது நீங்க கேட்டிருக்கீங்களாம்மா?”

“முழுசா முடிச்சுட்டுக் காட்டறேன்னான்” என்றார் ஓவியர். “பாதி வேலையைக் காட்டினா தோஷம்னான். இன்னைக்குக் காலையில சேத்துப் பாக்கறதா...” அங்கே நிறுத்தினார். அந்த வாக்கியத்தை முடிக்கவேண்டிய தேவை இல்லாமல் போயிருந்தது.

“இன்னைக்குக் காலையில தெரிஞ்சுடும், அங்க ஒண்ணுமே இல்லைன்னு. எட்டு மாசமும் அந்த அறையில தூங்கியிருக்கார். மைக்கைப் பெட்டியிலேர்ந்து எடுக்கக்கூட இல்ல. ‘நான் பண்ணல, மன்னிச்சுக்கோ’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்கும் சோம்பல். நேத்து காலையில கடைக்காரம்மா நல்ல மனசோட எச்சரிச்சாங்க, மாத்தி மாட்டினா டிஸ்க் காலின்னு. எட்டு மாசத்துல இவர் உருப்படியாக் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். அதையும் பாதிதான் கேட்டார். ஆன் பண்ணின நொடியே சாகும்ங்கறதைக் கேக்கல. கேட்டிருந்தா, அம்மாவோட மத்தியான வேலையே கடைக்காரம்மாவுக்குச் சாட்சியாகும்னு புரிஞ்சிருக்கும். சரியான ஒயரைக் குப்பையில போட்டிருந்தாக்கூட நான் இன்னும் கொஞ்சம் அலைஞ்சிருப்பேன். கடைக்காரம்மா மாத்திக் கட்டின மாதிரி இருக்கட்டும்னு பையில போட்டார். கெட்டிக்காரத்தனம். அது நேரா ஒரு குழந்தையோட போட்டோவைப் போய் எரிச்சுது.”

“எனக்கு மன அழுத்தம், மேடம்” என்றான் வித்வான். “கலைஞனோட கஷ்டம் உங்களுக்கு...”

“டெக்னிக்கலாச் சொல்லுங்க, புரியுதா பாக்கறேன்.”

அவன் ஓவியர் பக்கம் திரும்பினான். “நீயாவது சொல்லேன். நாம காலேஜ்லேர்ந்து...”

ஓவியர் எழுந்தார். அவர் கோபம் மூன்று வருடத்தைப் பற்றியதாக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் தன் ஆள்காட்டி விரலைத்தான் பார்த்தார்.

“நீயே ஆன் பண்ணியிருக்கலாமே. அதையும் என் கையால பண்ண வெச்சியே.”

அதற்குப் பிறகு அவனோடு அவர் பேசவே இல்லை. கான்ஸ்டபிள் வந்து கூட்டிக்கொண்டு போகும்போது வித்வான் படிக்கட்டில் தடுக்கினான். யாரும் பிடிக்கவில்லை.

டிஸ்க்குகளைக் கடைக்காரம்மா தானே சுமந்துகொண்டு, தரவு மீட்கிற ஆய்வகம் ஒன்றுக்குப் போனார். அங்கேயே சண்டை போட்டு உட்கார்ந்தார். எரிந்தது வெளியில் இருந்த மின்பலகை மட்டும்தான், உள்ளே தட்டுகள் பிழைத்திருக்கின்றன என்றார்கள். பலகையை மாற்றினார்கள். வியாழக்கிழமை மூன்றாவது டிஸ்க் எழுந்தது. அதில் படம் முழுசாக இருந்தது. அண்ணனுடைய டிஸ்க்கையும் கெஞ்சிக் கொடுத்தார்கள். பாப்பாவின் போட்டோக்களில் பாதிக்கு மேல் கிடைத்தன. மிச்சம் கிடைக்கவில்லை. அண்ணன் கிடைத்தவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இசை இல்லை. வியாழன் சாயங்காலம் ஓவியர் குளியலறையில் போனை வைத்து, வாளியில் தண்ணீரைச் சொட்டவிட்டும், காலி டிரம்மைக் கையால் தட்டியும் ஒலி பதிந்தார். அண்ணன் டிரம்மைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை படம் போனது. என்ன பரிசு, பரிசு உண்டா என்பதெல்லாம் இந்த வழக்கில் சேராது.

அடுத்த வாரம் இரண்டாவது டிஸ்க்கும் எழுந்தது. அதில் ‘இசை - இறுதி’ என்று ஒரு கோப்புறை இருந்தது. வழக்குக்குத் தேவைப்பட்டதால் இன்ஸ்பெக்டர் அதை வித்வானின் முன்னால் திறந்தார். அவனுடைய வக்கீலும் பக்கத்தில் இருந்தார்.

“என் கட்சிக்காரர் எட்டு மாசம் உழைச்சதுக்கு அதுல ஆதாரம் இருக்கு” என்றார் வக்கீல், நம்பிக்கையோடு. அவனை அவர் நேற்றுத்தான் சந்தித்திருந்தார்.

உள்ளே ஒரே ஒரு கோப்பு. கம்ப்யூட்டரோடு வந்த மலிவு ஹெட்செட் மைக்கில் பதிந்தது. கால் நிமிடம்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் ஒலியைக் கூட்டி ஓடவிட்டார். முதலில் ஒரு கொட்டாவி. பிறகு வித்வானின் குரல்.

“ஹலோ... ஹலோ... கேக்குதா?”

அவ்வளவுதான்.

வக்கீல் தன் பையை எடுத்துக்கொண்டார். வித்வான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேக்குது” என்றார் இன்ஸ்பெக்டர்.